பிடி விடாத கொக்கியும் குளிரக்காவும்

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் குளிரக்கா. மூன்றாம் மாடியின் கோடியில் கனத்த கதவு போட்ட அறை ஒன்று இருக்கிறது. வருடம் முழுக்க அதற்குள் நாலு டிகிரிதான். புரதங்கள் வெக்கை தாங்காத ரகம். கொஞ்ச நேரம் வெளியே வைத்தாலே முகம் சுளித்துக்கொண்டு கெட்டுப்போகும். அதனால் அவற்றோடு மல்லுக்கட்டுகிறவர்களும் அந்தக் குளிருக்குள் போய்த்தான் ஆக வேண்டும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிடுவார்கள். அவள் ஒரு நாளில் பாதியை அங்கேதான் கழித்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய பழுப்பு ஸ்வெட்டர் தொங்கும். முழங்கை இரண்டிலும் ஒட்டுப் போட்டது.

என்ன வேலை பார்க்கிறாய் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "பால் கறக்கிற வேலைதான், மாடு மட்டும் கண்ணுக்குத் தெரியாது" என்பாள். அது அப்படியொன்றும் பொய்யும் இல்லை. தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவுக்குள் வேறொரு கிருமியின் மரபணுவைப் புகுத்தி, குடுவை குடுவையாக வளர்த்து, அது செய்து தருகிற புரதத்தைப் பிரித்தெடுத்து, கழுவிச் சுத்தமாக்கி, தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்துப் படிகமாகிறதா என்று பார்க்க வேண்டும். படிகமானால் அதன்மேல் எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சி, புரதத்தின் உருவத்தை அணு அணுவாக வரைந்துவிடலாம். ஆகாவிட்டால் குடுவையிலிருந்து மறுபடி ஆரம்பம். இருபத்திமூன்று வருடத்தில் அவள் பார்த்தது பெரும்பாலும் மறுபடி ஆரம்பம்தான்.

வயது ஐம்பத்திரண்டு. குதிகால் வலி, கழுத்து வலி, ஒரு நிமிடம் உட்கார நேரமில்லாத வலி என்று எல்லாம் சேர்ந்துவிட்ட உடம்பு. ஆனால் கையில் சுத்தம். எதை எவ்வளவு ஊற்றினாள், எத்தனை மணிக்கு ஊற்றினாள் என்பதை அந்த நிமிடமே கெட்டி அட்டை போட்ட நோட்டில் எழுதிவிடுவாள். "குளிரக்கா எழுதினா அது கல்வெட்டு" என்று பேராசிரியை புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். பேராசிரியை அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர். இருந்தாலும் அவள் அவரை மேடம் என்பாள்; அவர் அவளை அக்கா என்பார்.

வீட்டில் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்க்கும்போது கால் வழுக்கி இரண்டு மாடி கீழே விழுந்தார். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலியும் கட்டிலும்தான். சிறுநீர் தானாக இறங்காது என்பதால் எந்நேரமும் உள்ளே ஒரு குழாய் இருக்கும். அதை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஆனால் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கிருமிகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வந்துவிடும். குளிர் எடுத்தால் கட்டிலே கடகடவென்று ஆடும். மருந்து கொடுத்தால் அடங்கும். பிறகு மறுபடி வரும். பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது மாடி வீட்டிலிருக்கும் அவருடைய அக்கா. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அந்த அண்ணி மட்டும் இல்லாவிட்டால் இவள் வேலைக்கே போயிருக்க முடியாது.

கணவர் விழுந்து இரண்டு வருடம் கழித்துத்தான் பேராசிரியை அந்தப் புதிய புரதத்தைக் கையில் எடுத்தார். குழாய் போட்ட நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் குடியேறுகிற ஒரு கிருமியின் புரதம். அந்தக் கிருமிக்கு மேலெல்லாம் முடி போன்ற இழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் மணி மணியாகக் கோத்தது. நுனியில் இருக்கிற மணிதான் கொக்கி. நம் செல்களின் மேற்புறத்தில் ஒருவகைச் சர்க்கரை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சர்க்கரை கொக்கியின் வாயிலிருக்கும் சின்னக் குழியில் போய் உட்கார்ந்துவிட்டால் கிருமி குடித்தனம் வந்த மாதிரிதான். அதன் உருவம் தெரிந்துவிட்டால், குழியை அடைக்க ஒரு மருந்து செய்யலாம். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். இது நம் வீட்டுச் சங்கதியாயிற்றே என்று அவள் ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இரக்கப்பட்டுப் பேசுவார்கள், அதற்குப் பதில் சொல்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

கணவரிடம் மட்டும் சொன்னாள். குழாயில் சேர்ந்ததை வடித்துக்கொட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஓடுற தண்ணியில அடிச்சுக்கிட்டுப் போயிட வேண்டியதுதானே?" என்று கேட்டார் அவர்.

"அதுதான் இல்லையாம். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிப் பிடிக்குமாம். ஓட்டம் நின்னாத்தான் பிடி தளருமாம்."

அவர் கண்ணில் பழைய மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "எங்க லிஃப்ட்டுக்குக் கீழே ஒரு ஆப்பு இருக்கும். கயிறு அறுந்து பெட்டி வேகமா இறங்குச்சுன்னா, அது ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் போய்க் கவ்விக்கும். பெட்டி எவ்வளவு கனமா இழுக்குதோ அவ்வளவு இறுகும். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"பெட்டிக்கு வெச்சவன் மனுஷனுக்கும் ஒண்ணு வெச்சிருந்தா நானும் தப்பிச்சிருப்பேன்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள்.

கொக்கி லேசில் வசப்படவில்லை. செய்து எடுத்த உடனேயே அது திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். அதைக் கரைத்து, மடிப்பெல்லாம் குலைத்து, பெரிய பாத்திரத்தில் குளிர் அறைக்குள் வைத்து, மெதுவாகத் தானே மடிந்து பழைய உருவத்துக்கு வரட்டும் என்று விடுவார்கள். மடிகிறபோது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று அந்தச் சர்க்கரையை அதில் கலப்பார்கள். அப்படியும் பாதிக்கு மேல் கட்டிதான். மிஞ்சியதைத் தட்டில் வைத்தால், தட்டிலுள்ள தொண்ணூற்றாறு குழியிலும் மணல், சேறு, இல்லையென்றால் வெறும் தண்ணீர். மூன்றே முக்கால் வருடம் இப்படியே ஓடிப்போயிற்று.

இந்தக் கொக்கியை நம்பி ஒரு மாணவியும் இருந்தாள். அவளுடைய முனைவர் பட்டமே இதில்தான் தொங்கியது. கொக்கிக்கு அடுத்த இரண்டாவது மணியைப் பற்றியும் அவள் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அந்த இரண்டாவது மணியிலிருந்து ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சோதனைக்காக அந்த வாலை மட்டும் தனியாகச் செய்து தரச் சொல்லி வெளியிலிருந்து வரவழைத்திருந்தாள். ஆறு வாரம் காத்திருந்து வந்த சரக்கு. பச்சை மூடி போட்ட ஒரே ஒரு குழாய். ஆள்காட்டி விரல் நீளம்கூட இருக்காது. ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயரே வால்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை குளிரக்கா வழக்கம்போலத் தட்டை நுண்நோக்கியின் கீழே வைத்து ஒவ்வொரு குழியாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். மணல், மணல், தண்ணீர். நாற்பத்தோராவது குழியில் கை நின்றது. ஓரம் கூராக, பக்கம் வழவழப்பாக, மூன்று குச்சிகள் கிடந்தன. உப்பாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஏமாந்து ஏமாந்து சந்தோஷப்படுவதில் அவளுக்கு ஒரு சோம்பல் வந்துவிட்டிருந்தது. ஒன்றின்மேல் நீலச் சாயத்தை விட்டாள். உப்பு என்றால் சாயம் ஏறாது. இது மெல்ல மெல்ல நீலமானது.

பேராசிரியை ஓடிவந்து பார்த்துவிட்டு, அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாணவி அழுதேவிட்டாள். மிச்சமிருந்த இரண்டையும் எக்ஸ்-ரேக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று உறையவைக்கும்போதே வெடித்தது. இன்னொன்று புள்ளிகளைக் காட்டியது; ஆனால் மங்கலாக. உருவத்தைக் கண்டுபிடிக்க அது போதாது. இன்னும் பெரிய படிகம் வேண்டும்.

"கவலையே இல்ல. வழி தெரிஞ்சிடுச்சு. அக்கா நோட்டுல இருக்கிறதை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே திரும்பப் பண்ணுங்க" என்றார் பேராசிரியை.

அப்படியே செய்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று மூன்று மாதத்தில் பதினான்கு முறை செய்தாள். அதே உப்பு, அதே சர்க்கரை, அதே நேரம், அதே பாத்திரம். பாத்திரத்தைக் கழுவுகிற சோப்பைக்கூட மாற்றவில்லை. மணலும் சேறும்தான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பேராசிரியை நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படிப்பார். பதினொன்றாம் தேதி, காலை ஒன்பது இருபது, சர்க்கரை சேர்த்தேன். கல்வெட்டு. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆகவே மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள்: தண்ணீரை, மின்சாரத்தை, அறையின் குளிரை, ஒருமுறை கட்டடத்துக்கு வெளியே நடக்கிற சாலை வேலையின் அதிர்வைக்கூட.

இதற்கு நடுவில் வேறொரு சச்சரவு. படிகம் வந்த பரபரப்பு அடங்கியபின் மாணவி தன் வாலைத் தேடி எடுத்தால் குழாயில் கால்வாசிதான் இருக்கிறது.

"வெளியிலிருந்து வரவழைச்சது. தண்ணி மாதிரியா செலவழிப்பே?" என்று பேராசிரியை எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்.

"நான் எடுக்கல மேடம்."

"நீ எடுக்கலைன்னா காத்துலயா கரைஞ்சுது?"

மாணவி படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதாள். குளிரக்காதான் டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விடும்மா. எல்லாருக்கும் ஒருநாள் கை தவறத்தான் செய்யும்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"எனக்குக் கை தவறலக்கா. சத்தியமா."

"சரி, சரி. டீயைக் குடி." அவள் நம்பவில்லை. சின்னப் பெண், பயத்தில் சொல்கிறது என்றுதான் நினைத்தாள்.

மூன்றாவது மாதக் கடைசியில் உறைபெட்டியில் பனி ஏறி, கதவே சாத்த முடியாமல் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அதை அணைத்துவிட்டு, உள்ளே இருந்த டப்பாக்களை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அடித்தட்டில், பனியில் பாதி புதைந்து ஒரு பச்சை மூடிக் குழாய் கிடந்தது. துடைத்துப் பார்த்தாள். அவளுடைய எழுத்து. சர்க்கரை, பதினொன்றாம் தேதி.

சர்க்கரைக் கரைசலை அவள் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வாள். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே முழுக்க ஊற்றிவிடுவாள். மீதி என்று ஒன்று இருக்கவே முடியாது. இந்தக் குழாய் கழுத்துவரை நிறைந்திருந்தது.

அப்படியே ஐஸ் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாள் ஞாபகம் வந்தது. முந்தின ராத்திரி முழுக்கக் கணவருக்கு நூற்றுமூன்று காய்ச்சல். விடிந்ததும் விரிப்பு மாற்றி, மருந்து கொடுத்து, அண்ணியைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். குளிர் அறைக்குள் போனபோது விரல் மரத்துப்போயிருந்தது. தாங்கியில் இரண்டு பச்சை மூடிக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூடியில் பனி பூத்து எழுத்து மறைந்திருந்தது. ஒன்றை எடுத்து முக்கால்வாசி ஊற்றியபோது கைபேசி அடித்தது. அண்ணிதான், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்ல. நின்று பேசிவிட்டு, குழாயைத் தாங்கியில் வைத்து, தாங்கியை உறைபெட்டிக்குள் தள்ளிவிட்டு, நோட்டில் எழுதினாள்: சர்க்கரை சேர்த்தேன்.

ஊற்றியது வால்.

அந்த நிமிடம் அவளுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் புரிந்தது. மாணவி பொய் சொல்லவில்லை. கொக்கிக்கு வேண்டியிருந்தது சர்க்கரை இல்லை, அந்த வால். தன் உடம்பில் ஒரு துண்டு குறைவாகவே அது பிறக்கிறது. குறைகிற இடத்தில் பள்ளம். அடுத்த மணியின் வால் அந்தப் பள்ளத்தில் வந்து படுத்தால்தான் அது நிற்கும். இல்லாவிட்டால் அகப்பட்டதையெல்லாம் பிடித்துக் கட்டியாகிவிடும். வேறு சில கிருமிகளின் இழைகள் இப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கொக்கி அந்த இனம் இல்லை, இது தனியாள், யார் தயவும் வேண்டாதது என்று பேராசிரியை முன்பே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். அதனால் யாருக்கும் அந்தப் பக்கம் எண்ணமே போகவில்லை.

குழாயை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் துணி துவைத்தாள், கணவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள், முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டாள். மனசு மட்டும் ஒரே இடத்தில் சுற்றியது. இருபத்திமூன்று வருடத்தில் அவள் சேர்த்தது என்று ஒன்று உண்டென்றால் அது அந்தப் பேர்தான். அதுவும் போய்விட்டால்? தப்பைச் சொல்ல வேண்டும் என்று என்ன கட்டாயம்? வாலைப் போட்டுப் பார்க்கலாமே என்று ஒரு யோசனையாகச் சொன்னால் போதுமே. வேலையும் நடக்கும், பேரும் நிலைக்கும். மாணவியின் திட்டு எப்போதோ ஆறிப்போன விஷயம்தானே. ஞாயிறு சாயங்காலத்துக்குள் தன்னைத் தானே ஒருமாதிரி சமாதானப்படுத்திக்கொண்டுவிட்டாள்.

"என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டார் கணவர்.

"தூக்கம் போதலைங்க" என்றாள். அது எப்போது சொன்னாலும் உண்மைதான்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பேராசிரியை சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். அப்புறம் இதை மூட்டை கட்டிடலாம். வேற புரோட்டீன் எடுப்போம்." மாணவி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா?" என்றாள் குளிரக்கா. "சர்க்கரைக்குப் பதிலா அந்த வாலைச் சேர்த்துப் பார்த்தா என்ன?"

"வாலா? அது ரெண்டாவது மணியோடது. கொக்கிதான் தனியாளாச்சே, அதுக்கு எதுக்கு வால்?" என்று ஆரம்பித்த பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "கெட்ட யோசனை இல்லையே. எப்படிக்கா தோணுச்சு?"

"சும்மா... தோணுச்சு."

"வால் கால் குழாய்தான் இருக்கு மேடம்" என்றாள் மாணவி. "புதுசா வாங்கினா இந்தத் தடவை நானே பூட்டி வெச்சுக்கிறேன். இல்லைன்னா மறுபடி காத்துல கரைஞ்சுடும்."

அவள் தன்னையே கேலி செய்துகொள்வதுபோலச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் காதுமடல் சிவந்துபோயிற்று. மூன்று மாதமாக இந்தப் பெண் எதை விழுங்கிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறாள் என்பது அந்தச் சிவப்பில் தெரிந்தது. குளிரக்கா ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டாள்.

"பூட்ட வேண்டாம்மா" என்றாள். "எடுத்தது நான்தான்."

பையிலிருந்து குழாயை எடுத்து மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், கணவரின் குழாயைச் சொன்னாள், பஸ்ஸில் தூங்கியதைச் சொன்னாள். நாலு வருடமாக வாய் திறக்காத விஷயமெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.

"மூணு மாசம்" என்றார் பேராசிரியை. குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எப்பத் தெரிஞ்சுது?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ இப்ப ஏன் யோசனை மாதிரி சொன்னீங்க?"

"பயம் மேடம். என்கிட்ட நல்ல பேர் ஒண்ணுதான் இருக்கு."

பேராசிரியை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து முதலில் மாணவியைத்தான் பார்த்தார். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னைக் கேட்டேன். இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என் மேல. மன்னிச்சுக்கோ." பிறகு நோட்டைக் குளிரக்காவிடம் நகர்த்தினார். "திருத்திடுங்க."

பழைய வரி படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் வால் சேர்த்தேன் என்று எழுதி, அன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டாள். எழுத்து கோணலாகப் போயிற்று.

மாணவி இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பாள். படிக்கட்டில் உட்காரவைத்து டீ கொடுத்துத் தட்டிக்கொடுத்தது அவளுக்கு இப்போது எப்படி எரிந்திருக்கும் என்று குளிரக்காவுக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டாள், ஒருமுறைதான். திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவும் ஒரு தொந்தரவு என்று விட்டுவிட்டாள்.

கணவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இருபத்திமூணு வருஷத்துல ஒரு தப்பா? நாங்கள்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே ரெண்டு பண்ணுவோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "விழுந்த அன்னிக்கு நான் பெல்ட்டை மாட்டல. கூட இருந்தவன்தான் லிஃப்ட்டை நகர்த்திட்டான்னு கம்பெனியில எழுதப் பார்த்தாங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஆளை வரச்சொல்லி, பெல்ட் போடாதது நான்னு எழுதிக் குடுத்தேன்" என்றார். ஆறு வருடத்தில் அவர் அதைச் சொன்னது அன்றுதான். அவள் அவருடைய கால்களை நேராக்கி வைத்தாள்.

புது வால் வர ஆறு வாரம் ஆயிற்று. இந்த முறை அவள் ஒவ்வொரு குழாயின் மேலும் பெயர் எழுதிய காகிதப் பட்டை ஒட்டினாள். ஊற்றுவதற்கு முன் சத்தமாகப் படித்தாள். குளிர் அறைக்குள் தனியாக நின்று "இது வால், இது வால்" என்று சொல்வது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. அன்று பாத்திரத்தில் கட்டியே சேரவில்லை. தெளிந்த தண்ணீர் மாதிரி நின்றது. மூன்று வாரத்தில் தட்டில் முப்பத்தெட்டுக் குழிகளில் படிகம். எண்ணிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். அலுப்புதான் முதலில் வந்தது.

எக்ஸ்-ரே முடிந்து பத்து நாள் இருக்கும். குளிர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மாணவி வந்து நின்றாள். ஸ்வெட்டர் இல்லை, பல் கிட்டியது.

"அக்கா, வந்து பாருங்க."

"இதை முடிச்சுட்டு வரேன்மா."

"அது கிடக்கட்டும். வாங்கக்கா." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் கை சூடாக இருந்தது.

கணினித் திரையில் கொக்கி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ரிப்பன் ரிப்பனாக மடிந்த உருவம். மேலே சர்க்கரை உட்காருகிற குழி. கீழ்ப்பாதியில் ஒரு நீண்ட பள்ளம். அந்தப் பள்ளத்தில், அளவெடுத்துச் செய்த மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் வால் படுத்திருந்தது. இவ்வளவு காலம் அவள் கழுவியும் குலைத்தும் கெஞ்சியும் பார்த்த சங்கதி இதுதானா என்று இருந்தது. சின்னதாக, ஒழுங்காக, யாருக்கும் கெடுதல் நினைக்காத மாதிரி இருந்தது.

"தனியாள்னு எழுதி வெச்சேன்" என்றார் பேராசிரியை பின்னாலிருந்து. "அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதணும். நானும் கோடு போடக் கத்துக்கிறேன்."

கட்டுரையில் மாணவி பெயர் முதலில் வந்தது. குளிரக்காவின் பெயர் மூன்றாவதாக. அந்தத் தவறும் மறைக்காமல் எழுதப்பட்டிருந்தது, முறைகள் என்ற பகுதியில் ஒரே வாக்கியமாக: வால் முதன்முதலில் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது. யார் என்று போடவில்லை. மருந்து செய்கிற வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து கொஞ்சம் கொக்கி அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதினார்கள். ஐஸில் வைத்து அவளே கட்டி அனுப்பினாள்.

படம் கிடைத்ததால் காய்ச்சல் நின்றுவிடவில்லை. கட்டுரை வெளிவந்த வாரம் கணவருக்கு மறுபடி வந்தது. இந்த முறை வழக்கமான மருந்து கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம்தான் உடம்பு கொஞ்சம் தணிந்தது. அவள் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள். அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான், எவன் செஞ்சானோ" என்றார். "இதைக் கழட்ட எத்தனை நாளாகும்?"

"மருந்து வரணும்னா பத்து வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்."

"பத்து வருஷம் நான் கெடப்பேன். நீ தாங்குவியா?"

அவள் கைபேசியை வாங்கிப் பையில் வைத்துவிட்டு, கட்டில் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் தலையைச் சாய்த்தாள். ஜன்னல் வெயில் மடியில் விழுந்தது.

சாப்பாட்டு டப்பாவோடு அண்ணி வந்தபோது அவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். "பகல்லயே குறட்டையா, நல்லாருக்கு! சாப்பிட எழுப்பட்டுமா?" என்றாள் அண்ணி.

"எழுப்பாதே அக்கா" என்றார் கணவர் தாழ்ந்த குரலில். "அந்த டப்பாவை இப்படிக் குடு. நானே போட்டுச் சாப்பிட்டுக்கிறேன்."